ஓடைக்குள்ள கூப்பிட்டது

இல்லம்மா, நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க. கால் வலியெல்லாம் ஒண்ணுமில்லை, அந்தக் கூட்டத்தோட நடக்க இஷ்டமில்லை, அவ்வளவுதான். உக்காருங்க, அவங்க கிளம்ப இன்னும் நேரம் இருக்கு. மலைக்குக் கூட்டிட்டுப் போற டெல்பர்ட் தொப்பி போடணும், மூஞ்சிக்கு வெள்ளையா கிரீம் பூசணும், கைத்தடி ரெண்டையும் தட்டிப் பாக்கணும். மாப்பிள்ளை அலங்காரம். இந்தாங்க காப்பி. பால் பவுடர்தான், பொறுத்துக்கங்க.

எந்த ஊரு? விஸ்கான்சினா? அட, நாங்க மின்னசோட்டா, பக்கம்தான். பனிக்குப் பயந்து ஓடி வந்தவங்கதானே இங்க எல்லாரும். நவம்பர்ல ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கிட்டு வாத்துக் கூட்டம் மாதிரி வந்து இறங்கறது, ஏப்ரல்ல கிளம்பிடறது. நடுவுல சீட்டாட்டம், பொழுது சாயறதுக்குள்ள பீரு, யாருக்கு எந்த மாத்திரைங்கற பேச்சு. இந்த அரிசோனாவுல வெயிலைத் தவிர எதுவும் சும்மா கிடைக்காது, வம்பு மட்டும் கிடைக்கும். நீங்க நேத்து உங்க வீட்டுக்காரரைத் திட்டினதை நாலு வண்டி தள்ளி இருக்கறவன் இன்னிக்குக் காலைல எனக்குச் சொல்றான். வெக்கப்படாதீங்க. நல்லாத்தான் திட்டியிருக்கீங்க.

பாதை அழகுதான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். மலை இடுக்குல பனைமரம் நிக்கும் பாருங்க, நம்பவே முடியாது. பையில ஒரு சீப்பு போட்டுக்கங்க. தலைக்கு இல்லம்மா! பந்து பந்தா ஒரு கள்ளி இருக்கு, லேசா உரசினாலே ஒட்டிக்கும். கையால பிடுங்காதீங்க, சீப்பை விட்டு நெம்பி விடணும். அப்புறம், உக்காரணும்னு தோணினா உக்காராதீங்க. அவங்க விட்டுட்டுப் போயிடுவாங்க.

நெஜமாத்தான். என் வீட்டுக்காரரு ஆர்வில். அவரைத்தான் விட்டுட்டு வந்தாங்க. போன வருஷம் பிப்ரவரில. அவருக்கு மொழங்கால் சரியில்லை. தண்ணி வத்தின மணல் ஓடை ரெண்டாப் பிரியற இடத்துல, நீங்க போங்கப்பா, நான் இப்படி உக்காந்திருக்கேன்னு சொல்லியிருக்காரு. திரும்பி வரப்போ கூட்டிக்கறோம்னான் டெல்பர்ட். அங்க போனதும் கூடப் போன மார்லிஸ் மகாராணிக்குப் பாறையில கிறுக்கி வெச்சிருக்கற பழைய படம் பாக்கணுமாம். பாத்துட்டு வேற வழியா இறங்கி வந்துட்டாங்க. முன்னாடி வந்தவன் அவரு பின்னாடி வராருன்னு நினைச்சான். பின்னாடி வந்தவன் அவரு முன்னாடியே போயிட்டாருன்னு நினைச்சான்.

மத்தியானம் எல்லாரும் இங்க பொதுக் கூடத்துல உக்காந்து சூப் குடிக்கறாங்க. நான் அவருக்கு ஒரு கிண்ணத்துல ஊத்தி எடுத்துக்கிட்டு, ஆர்வில் எங்கன்னு கேட்டேன். டெல்பர்ட் என்னைப் பாத்து, ஏன், உன்கூட இல்லையான்னான்.

நான் நிக்கலை. போட்டிருந்த வீட்டுச் செருப்போடயே ஓடைக்குள்ள எறங்கிட்டேன். ஷெரீப்போட போலீஸ் ஆளுங்க நாயோட வர்றதுக்கு முன்னாடியே நான் அந்த இடத்துக்குப் போயிட்டேன். கல்லு மேல ஆரஞ்சுத் தோல் கிடந்துச்சு, ஒரே சுருளா. அவரு அப்படித்தான் உரிப்பாரு. ஆளைக் காணோம். ஆர்வில், ஆர்வில்னு கத்தறேன். மேல போனேன், திரும்பி வந்தேன், அதே இடத்துல நின்னு இன்னொரு தடவை கத்தினேன். அப்புறம் தொண்டை போயிடுச்சு. ஆண்டவரே, அவரைக் குடுத்துடு, இனிமே அந்த மனுஷனை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். மணல்ல மண்டி போட்டு.

கிடைச்சாரும்மா. பொழுது எறங்கறப்போ நாய் கண்டுபிடிச்சுது. அங்கேயேதான், ஒரு பெரிய பாறைக்குப் பின்னாடி நெழல்ல உக்காந்திருந்தாரு. உடம்புல ஒரு கீறல் இல்லை. வெயில்ல மயங்கிட்டாருன்னாங்க எல்லாரும். டெல்பர்ட் தேம்பித் தேம்பி அழுதான். மார்லிஸ் கேக் செஞ்சு எடுத்துட்டு வந்தா. நான் பிடிச்ச கை பிடிச்சபடி அவரு பக்கத்துலயே இருந்தேன்.

இப்பவா? மின்னசோட்டாவுல, டுலூத்ல அவரு அக்கா வீட்டுல இருக்காரு. ஆமா, அந்தப் பனியிலதான். அக்காவுக்கு ஒடம்பு முடியலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அவங்களுக்கு என்ன, குதிரை மாதிரி இருக்காங்க. எங்க வீட்டை வித்துத்தான் இந்த ட்ரெய்லர் வாங்கினோம். இதை இழுக்கற பிக்கப் வண்டி அவருகிட்ட. நீங்கல்லாம் ஏப்ரல்ல போயிடுவீங்க, நான் எங்க போறது? ஜூலையில வந்து பாருங்க, கதவுப்பிடியைத் தொட்டா தோல் உரியும்.

டெல்பர்ட் மேல என்ன கோவம்? ஒண்ணும் இல்லை. அவனைத் திட்டறது சுலபம், திட்டறேன். விட்டுட்டு வந்தது அவன் தப்புதான். ஆனா அவனால போகலை ஆர்வில்.

மறுநாள் காலையில சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு. குழாய் ஒழுகுதுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. வெர்னா, எனக்கு மயக்கமெல்லாம் வரலை. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. பாறைக்கு இந்தப் பக்கம் உன் செருப்பு தெரிஞ்சுது. பதில் சொன்னா எந்திரிச்சு உன்கூட வரணுமேன்னு பேசாம இருந்துட்டேன். அப்படின்னாரு.

நான் இன்னொரு முட்டை போடவான்னு கேட்டேன். போடுன்னாரு. போட்டேன். அதையும் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு.