என்றால் சரிதான்

கல்வராயன் மலையிலிருந்து சாட்சி சொல்ல வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூண்டில் ஏறுவார்கள். வேண்டாம் என்று கோர்ட் டவாலி சொன்னாலும் கேட்பதில்லை. எனக்கு அது பிடிக்கும், அம்மா. செருப்பைக் கழற்றுகிற சாட்சி குறுக்கு விசாரணையில் தொந்தரவு தரமாட்டார்.

வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை, கொடுத்தால் எனக்கு எதிராகவே பயன்படும் என்று நீங்கள் எச்சரித்தீர்கள். நீதிபதியாக அது உங்கள் கடமை. யோசித்துவிட்டுத்தான் வந்தேன். பெயர் கலையரசன். கள்ளக்குறிச்சியில் மூன்று வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில் கோர்ட்டில் நின்று பேசுகிற வேலை முழுக்க என்னுடையது. மற்ற இருவரும் பத்திரம் பார்ப்பார்கள், கட்சிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வார்கள். அதற்கும் ஆள் வேண்டுமே.

நான் பேர் வாங்கியது ஒரே ஒரு வார்த்தையால். எங்கள் பக்கத்துக் கூலி ஜனங்கள், படித்தவர் எது கேட்டாலும் முதலில் "ஆமாங்க" என்பார்கள். நீங்கள் பேசுவது காதில் விழுகிறது என்று அதற்கு அர்த்தம். மரியாதை, வேறொன்றுமில்லை. ஆனால் கோர்ட்டில் மரியாதையை எழுதிக்கொள்ள இடமில்லை. நான் கேள்வியை நீளமாகப் போடுவேன். சாட்சி "ஆமாங்க" என்பார். என் கேள்வி அப்படியே அவர் வாக்கியமாக டைப் ஆகி, "என்றால் சரிதான்" என்று முடியும். மறுத்தால் "என்றால் சரியல்ல". என் சாட்சிகள் மறுத்ததில்லை.

பாவாடை என்பவரின் மரவள்ளிக் காடு அப்படித்தான் கைமாறியது. எதிர்த்தரப்புக்கு நான் ஆஜர். அந்த நிலத்தில் தனக்கு உரிமையில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். கூண்டிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்தார் போலிருக்கிறது.

அடுத்த வருஷம் ஒரு வழக்குக்காக இடம் பார்க்க வெள்ளிமலை போயிருந்தேன். திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. கச்சிராயபாளையம் இறங்குகிற சாலையில் ஒரு வளைவில் வண்டி ஆள்மீது மோதியது. வேகம் என்னுடைய தவறு, ஒப்புக்கொள்கிறேன். இறங்கிப் பார்த்தேன். பாவாடை. கால் இரண்டும் மடங்கிக் கிடந்தன. நினைவு இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. மலையில் பாதிப் பேருக்கு என் மேல் ஆத்திரம். நிலத்தைப் பிடுங்கியவனே ஆள்மீது வண்டியையும் ஏற்றிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். குனிந்து, "என்னை அடையாளம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பேன். அவர் பதில் எனக்கு வழி விடவில்லை. இன்னும் ஒன்றிரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வண்டியைச் சேலத்தில் கொடுத்துப் பழுதுபார்த்தேன்.

போலீஸ் முனியனைப் பிடித்தது. அன்று சாயங்காலம் அதே சாலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் வேனை ஓட்டி வந்தவர். முன்விளக்கு உடைந்திருந்தது. "ஆட்டு மேல மோதிச்சுங்க சார்" என்று என் மேஜை முன்னால் நின்று அழுதார். அவரே தேடி வந்தார், அம்மா, நான் அழைக்கவில்லை. வேறு வக்கீல் என்றால் எதை எதைத் தோண்டுவாரோ என்று நானே வக்காலத்துப் போட்டேன்.

பாவாடையின் மனைவி சாலம்மாள் அரசுத் தரப்புச் சாட்சி. காலையில் தேடிப்போய், உயிர் போவதற்குச் சற்று முன் அவரைக் கண்டெடுத்தவர். அரசு வக்கீல் நாலு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் அந்தக் கோர்ட் நீதிபதியையே பார்த்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். என் கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியது. முனியன் குற்றவாளிக் கூண்டிலிருந்து கை நீட்டி என் கையைத் தொட்டார்.

"சார், அந்தம்மா இன்னாவோ சொல்ல வருது. கேளுங்க சார்."

கேட்டிருந்தால் முனியன் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். அது எனக்குத் தெரியும்.

"ஏம்மா, நீங்க போய்ப் பார்த்தப்போ உங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தையும் பேசுற நிலைமையில இல்ல, மூச்சு மட்டும்தான் இருந்தது. சரிதானே?"

சாலம்மாள் குனிந்து, கூண்டுக்குக் கீழே கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆமாங்க."

'என் கணவர் எதுவும் பேசும் நிலையில் இல்லை என்றால் சரிதான்.' டைப் ஆகிவிட்டது. முனியன் கடலூர் சிறையில் இருக்கிறார். அப்பீல் அடுத்த வாரம் வருகிறது.

தீர்ப்புக்குப் பிறகு சாலம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் ஆமான்னுட்டேங்க. சரியா சொன்னனாங்க?"

சரியாகச் சொன்னீர்கள் என்றேன்.

"அவுரு பேசினாருங்க. கெடந்துகினே பேசினாரு. யாரோ ஒரு ஐயா தண்ணி கொண்டாரப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு, நீ வழியில நிக்காத, வண்டி வரும்னாரு. யாருய்யா அதுன்னு கேட்டேன். தெரிலன்னாரு. அந்த ஐயாவ உங்களுக்குத் தெரியுமாங்க? தண்ணியோட திரும்பி வந்து பாக்காம போயிட்டமேன்னு அவருக்கு மனசு கஷ்டமா இருக்குமில்ல?"

கோட்டு இல்லாமல் அன்று பாவாடைக்கு என்னை அடையாளமே தெரிந்திருக்கவில்லை. 'ஆமாங்க' என்ற அந்த வார்த்தையின் அர்த்தம் இந்த ஜில்லாவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. இருந்தும் அன்று சாலையில் அதை அப்படியே நம்பினேன். அந்தத் திருத்தத்துக்காகத்தான் வந்திருக்கிறேன். முனியனை விட்டுவிடுங்கள். பாவாடைமீது மோதியது நான். விடிய விடிய அவர் அங்கே கிடந்ததும் என்னால்தான்.

டைப் ஆனதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் சரியில்லை. 'காயம்பட்டவரைக் கைவிட்டுச் சென்றேன்' என்று இருக்கிறது. நான் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளை நீங்கள் சேர்க்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஆமாங்க என்றார். வண்டியில் பாட்டில் இருந்தது. பிறகு, "நான் போகட்டுமா?" என்று கேட்டேன்.

அதற்கும் ஆமாங்க என்றார்.

ஆகவே, கைவிட்டுச் சென்றேன் என்றால் சரியல்ல. அவர் சம்மதத்தோடுதான் சென்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அம்மா.