நம்பத்தகுந்த வட்டாரம்

...அதான் சார், எங்க வீட்ல உண்மைய கேக்கணும்னா இனிமே சுவத்தத்தான் கேக்கணும்! ஆ... பெருசா தொறங்க. இன்னும் கொஞ்சம். நாக்க அந்தப் பக்கம் ஒதுக்கிக்குங்க, பஞ்சு வச்சிர்றேன். ஆங். இன்னிக்கு நல்லா மரத்துப் போச்சுல்ல? போன தடவை பாதி வேர் சுத்தம் பண்ணுனோம், இன்னிக்கு மிச்சத்தையும் முடிச்சு அடைச்சு விட்டுடுறேன். நீங்க ஒன்னும் பேச வேணாம் சார், நான் பேசிக்கிறேன்.

எங்க விட்டேன்? ம், எங்க வீட்டுக்காரர். அவரு ஆளுங்கட்சி. ரத்தத்த எடுத்துப் பாத்தாக்கூட கட்சிக் கொடி நெறத்துலதான் இருக்கும். எந்தம்பி எதிர்க்கட்சி. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே டிவி. ஒருத்தர் ஒரு சேனல் போட்டா இன்னொருத்தர் மாத்துவாரு. அதுல 'நகரமே வெள்ளக்காடு'ம்பான். இதுல 'லேசான தூறல், மக்கள் மகிழ்ச்சி'ம்பான். நான் என்ன பண்ணுவேன்? ஜன்னலத் தொறந்து கைய வெளிய நீட்டிப் பாத்துட்டு, துணிய எடுத்து உள்ள போடுவேன்! ஐயோ, தலைய ஆட்டாதீங்க சார், கையில கம்பி இருக்கு.

இப்ப இந்த ரோட்டையே எடுத்துக்குங்களேன். ரோட்ட அகலப்படுத்தி இந்த வரிசையில இருக்குற கடையெல்லாம் இடிக்கப் போறாங்கன்னு ஊரே பேசுது. 'அக்கா, அவங்க ஆளுக்கு கான்ட்ராக்ட் குடுக்கத்தான் இடிக்கிறாங்க'ங்கறான் தம்பி. 'அட போம்மா, அவங்க ஆட்சியில போட்ட திட்டம், நாங்க பாவம் தடுக்கப் பாக்குறோம்'ங்கறாரு இவரு. இடிக்கிறதுல ரெண்டு பேருக்கும் சந்தேகமே கெடையாது. யாரு இடிக்கிறதுங்கறதுலதான் அடிதடி!

பக்கத்துக் கடை டெய்லர் இருக்காருல்ல, அவரு பாதி மிஷினத் தூக்கிட்டுப் போயி மாமியார் வீட்ல போட்டுட்டாரு. மிஷின உள்ள விட்டாங்களாம், அவர விடலையாம்! நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். இருட்டுக் குகை சார். சொத்தைப் பல்லு எது, நல்ல பல்லு எதுன்னு தடவித்தான் பாக்கணும். வரேனா இல்லையான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணுமாம். எனக்கு மனசே இல்ல சார். படிச்சு முடிச்சு மொதமொதல்ல போர்டு மாட்டுன எடம் இது. இந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் எத்தனை வாயப் பாத்திருக்கேன்! விட்டுட்டுப் போகணும்னு நெனச்சா அந்த போர்டக் கழட்டவே கை வரல... ம்ம்? உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். நல்ல மனசு சார் உங்களுக்கு.

சரி, யாரத்தான் நம்புறது? நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். தன் பக்கத்துத் தப்ப எவன் வாய்விட்டு சொல்றானோ, அவன் மத்ததையும் உள்ளபடி சொல்லுவான். சரிதான சார்? அதனால ஞாயித்துக்கெழம சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரு தட்டையும் என் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டேன். 'உங்க கட்சி பண்ணுன தப்பு ஒன்னே ஒன்னு சொல்லுங்க, அப்பறம் சாப்பிடுங்க'ன்னேன். வீட்டுக்காரர் தட்ட எட்டி இழுக்கப் பாத்தாரு, நான் விடல. 'நாங்க பண்ணுற தப்பு என்னன்னா... செஞ்ச நல்லத வெளிய சொல்லிக்கத் தெரியல'ன்னாரு. எப்படி! தம்பி சும்மா இருப்பானா? 'எங்க தப்பு, இவங்கள இத்தன நாளு பொறுத்துக்கிட்டதுதான்'னான். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்!

ம்ம் ம்ம்னு சிரிக்கிறீங்க பாருங்க. சிரிப்புதான சார் இது?

அதான், கட்சிக்காரங்க பேச்சே வேணாம்னு விட்டுட்டேன். நான் உங்களத்தான் நம்புறேன். நகராட்சில ரோடு வேலை பாக்குற இன்ஜினியர், ஒரு கட்சியும் கெடையாது, உங்களுக்குத் தெரியாததா? போன தடவை இதே நாற்காலியிலதான கேட்டேன்? ஏதோ ஒரு ஊர்ல ரோட்டுக்காக கடையெல்லாம் இடிச்சாங்கன்னு அன்னிக்கு காலையில பேப்பர்ல பாத்தேன். 'நம்ம ரோட்டுக்கும் அந்தக் கதிதானா சார்?'னு கேட்டேன். நீங்க 'ம்ம்ம்ம்!'னு அவ்ளோ அழுத்தமா சொன்னீங்க, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நமக்காக இப்படி உருகுறாரே மனுஷன்னு நானே நெகிழ்ந்து போயிட்டேன். அன்னிக்கே வீட்ல போயி ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன். உங்களக் காட்டிக் குடுக்கல சார்! 'நம்பத்தகுந்த வட்டாரம் சொல்லிருச்சு, யாருன்னு கேக்காதீங்க'ன்னேன். இன்னிக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்லி வெளிய உக்கார வச்சிருக்கேன். யாரு போட்ட திட்டம்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா சண்டை தீந்துரும்.

என்ன சார், கைய இப்படி வீசுறீங்க? வலிக்குதா? இல்லியா? பஞ்ச எடுக்கணுமா? இருங்க, இந்தா எடுத்துட்டேன். கொப்பளிங்க. துப்புங்க. ஆங், இப்ப சொல்லுங்க... உதடு மரத்திருக்குல்ல, மெதுவா...

இல்லியா? என்ன இல்ல? திட்டமா? அப்படி ஒரு திட்டமே இல்லியா?

அப்ப அன்னிக்கு அவ்ளோ பலமா ம்ம்ம்னீங்களே!... வலியா? மரக்குறதுக்குள்ள நான் கம்பிய விட்டுட்டேனா?... அய்யய்யோ. அய்யய்யய்யோ!

அப்ப நான் இவங்ககிட்ட சொல்லி, இவரு கட்சி ஆபீஸ்ல சொல்லி, தம்பி அவன் கூட்டத்துல சொல்லி... டெய்லர் எங்கிட்டயே வந்து, 'டாக்டரம்மா, ஆகாத ரெண்டு கட்சியும் ஒன்னு போல சொல்றாங்க, அப்ப நெசந்தான்'னாரு. 'ஆமாண்ணே, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்'னு தலைய வேற ஆட்டுனேன் சார்! எல்லாம் என் கைங்கர்யம்தானா?

சிரிப்பா வருது... அழுகையும் வருது... எடம் போகல சார்! என் ஜன்னல் எங்கயும் போகல! அந்த இருட்டு ரூம் வேணாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடணும்.

நீங்களே வெளிய போயி ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்... இந்த வாயோடயா? அதுவும் சரிதான். மறுபடி ஒரு ம்ம்ம்னா பஸ் ஸ்டாண்டையும் சேத்து இடிச்சுருவாங்க. நானே சொல்றேன். தப்ப ஒத்துக்கிறவங்களத்தான் நம்பணும்னு தட்டப் புடுங்குனவ நான்தான?

ஏங்க! டேய் தம்பி! ரெண்டு பேரும் உள்ள வாங்க. எதையும் இடிக்கல. திட்டமே கெடையாது. இவரு வலில முனகுனத 'ஆமா'ன்னு நெனச்சுக்கிட்டு கதை கட்டி விட்டது நான்தான். ஆமா, நானேதான்... என்னங்க முழிக்கிறீங்க? எந்தம்பி சொல்லிக்குடுத்து பேசுறேனா? நீ என்னடா சொல்ற? மாமா மெரட்டிப் பேச வச்சுட்டாரா? அடப்பாவிகளா! புரளிய சொன்னப்ப ஒரு கேள்வி கேக்கல, உண்மைய சொன்னா சாட்சி கேக்குறீங்க! சாட்சியா, இதோ சார் இருக்காரே... சார்?

சார்! எங்க ஓடுறீங்க? பல்ல இன்னும் அடைக்கலையே! கழுத்துல துண்டு தொங்குது சார்!

டெய்லர் அண்ணே... நீங்க எதுக்குண்ணே மிச்ச மிஷினையும் தூக்குறீங்க? ...நகராட்சிக்காரரே தலைதெறிக்க ஓடுறாருன்னா? ஐயோ, எறக்கி வைங்கண்ணே! அப்படி ஒன்னும் கெடையாதுண்ணே! ...யாரு சொன்னாங்களா? நான்தாண்ணே சொல்றேன், நம்புங்கண்ணே!