செவப்பு டேப்பு ஒட்டின சாமான்

இல்ல தம்பி, அந்த இரும்புப் பெட்டிய மொதல்ல தூக்காத. அது கடைசி. பதினஞ்சு கிலோவுக்குக் கொறையாது, உள்ள முழுக்க கம்பிச் சுருளு. மொதல்ல ரொட்டி சுடுறது, அப்புறம் மாவு பெசையுறது, அப்புறம் கோப்பி மெசினு. என் மருமக ஒனக்குப் போன்ல லிஸ்ட்டு அனுப்பியிருக்கால்ல, படி, கேப்போம்.

ம். அவ்வளவுதானா? என்னப் பத்தி ஒண்ணும் எழுதலையா? சரி விடு லா, சும்மா கேட்டேன்.

உக்காரு. பால் தீந்துருச்சு, தே ஓ தேத்தண்ணிதான் கலக்கி வச்சிருக்கேன், குடி. பாசிர் கூடாங் வரைக்கும்தான போகணும், லோரியில ஒரு மணி நேரம். நீ எந்த ஊரு? பெக்கோக்கா? அங்க என் தங்கச்சி இருக்கா. பேச்சு வார்த்த இல்ல. பதினெட்டு வருசமாச்சு. அவ மவ கல்யாணப் பத்திரிகையில என் பேருக்கு மேல அவ கொழுந்தன் பேரப் போட்டுட்டா. தாய்மாமன் நான். நீயா இருந்தா மறப்பியா? மறப்பேன்னு சொல்ற. சின்ன வயசு ஒனக்கு.

சரி, நான் சொல்றதக் கேட்டுக்க. சாமான எறக்குறப்போ அங்க அப்படியே சொல்லணும். இதெல்லாம் அமெரிக்கா சாமான். என் மவன் ரூபேந்திரன் அங்க ஆறு வருசம் வேல செஞ்சான். திரும்பி வந்தப்போ அவனும் மருமக லோஷினியும் கப்பல்ல போட்டுக் கொண்டாந்தாங்க. அங்க கரண்டு நூத்தி இருவது. இங்க நம்ம சுவத்துல வர்றது எரநூத்தி நாப்பது. ரெட்டிப்பு. நேரா சொருகுனா சாமான் செத்துச்சு. இந்தப் பெட்டி, டிரான்ஸ்பார்மரு, நடுவுல நின்னு பாதியாக்கிக் குடுக்கும்.

அதுக்கும் ஒரு மொறை இருக்கு. ஒவ்வொரு மெசினுக்கும் அடியில எத்தன வாட்டுன்னு போட்டிருக்கும். சூடு பண்றதுன்னா அதவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி போதும். மோட்டாரு சுத்துறதுன்னா ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வேணும். கெளம்புறப்போ ஒரே இழுவையா இழுக்கும். ரொட்டி சுடுறதையும் கோப்பி மெசினையும் ஒண்ணாப் போடக் கூடாது. பெட்டி மேல துணி மூடக் கூடாது, காத்து வேணும். தண்ணிப் பைப்பு பக்கத்துல வைக்கக் கூடாது. வேல முடிஞ்சா சுவத்துல சுவிச்ச அடைச்சிரணும், இல்லன்னா சும்மா இருந்தே சூடாவும்.

என்னா சிரிக்கிற? தொட்டுப் பாத்துட்டியா?

ஆமா, சூடாத்தான் இருக்கும். காலையிலேர்ந்து நான்தான் போட்டு வச்சிருக்கேன். கோப்பி மெசின்ல ஒரு கடியாரம் இருக்கு பாரு, அதுக்கு. இந்தப் பெட்டி கரண்டப் பாதியாக்கும், ஆனா துடிப்ப மாத்தாதாம். அங்க செகண்டுக்கு அறுவது துடிப்பு, இங்க அம்பது. அதனால அந்தக் கடியாரம் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிசம் பின்னாடி போவும். காலையில எட்டுக்குச் சரி பண்ணினா, மத்தியானம் ரெண்டுக்கு ஒண்ணுன்னு காட்டும். லோஷினி தெனம் காலையில அதச் சரி பண்ணுவா. இப்ப நான் பண்றேன். அதுல கோப்பி போட எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் குடிக்க மாட்டேன், கசப்பு. பெட்டி ம்ம்ம்னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். பொண்டாட்டி போயி ஒம்போது வருசமாச்சு தம்பி. சமையக்கட்டுல யாரோ இருக்கற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னா, லோஷினிதான். அப்புறம் அவளுக்கே எதுக்குச் சொல்லணும்னு கேக்குற. சொல்லு லா. மாமா மறக்கலன்னு தெரியட்டும்.

வயர்ல எல்லாம் செவப்பு டேப்பு சுத்தியிருக்கா? அதுவும் அவ ஒட்டினதுதான். எனக்குப் படிப்பு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாவது, அதோட ரப்பருக்குப் பால் மரம் வெட்டப் போயிட்டேன். மாமா, செவப்பு இருந்தா பெட்டியில சொருகுங்க, இல்லாட்டி சுவத்துல சொருகுங்கன்னா. நல்லதுக்குத்தான் சொன்னா. ஆனா எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. என் வீட்டுல எனக்கே டிராபிக் லைட்டு போடுறாளேன்னு. அத மனசுல வச்சுக்கிட்டேன். நான் வச்சுக்குவேன்.

சரி, கோப்பி மெசின எடு. இரு, மொதல்ல மெசின அடை. அப்புறம் சுவத்துல அடை. இப்ப பிடுங்கு. பாத்தியா, சத்தம் நின்னுருச்சு.

ஏய், அத எடுக்காத. அலமாரிக்கு அடியில இருக்கற பிளெண்டரு. அது லிஸ்ட்ல இல்ல. அது கருகிப் போனது.

மூணு வருசமாச்சு. பேத்திக்கு மொதப் பொறந்த நாளு. சம்பந்தி வீட்டுக்காரங்க கோலாலம்பூர்லேர்ந்து வந்திருந்தாங்க, ஹால் நெறைய சனம். சட்னி அரைக்கலாம்னு போனா, மெசினு கருகிக் கெடக்கு, வீடெல்லாம் நாத்தம். நான் ஹால்ல நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். அமெரிக்காவுல குடும்பம் நடத்துனவளாம், ஒரு பிளக்கு சொருகத் தெரியல, வளத்தவங்களத்தான் சொல்லணும்னு. அவ அப்பா தலையக் குனிஞ்சிட்டாரு. அடுத்த மாசமே பாசிர் கூடாங்ல வீடு பாத்துட்டாங்க. ரூபனுக்கு அங்க வேலையாம். வீடு சின்னதுன்னு சாமான இங்கயே விட்டுட்டுப் போனாங்க. ரூபன் எப்பவாச்சும் வருவான், வாசல்லயே நின்னு பேசிட்டுப் போவான். அவ வர்றதில்ல. பேத்திக்கு இப்ப நாலு வயசு. சாமான் இங்க இருக்கு, அத எடுக்கவாவது ஒரு நா வருவா, புள்ளையையும் கூட்டியாருவான்னு இருந்தேன். இப்ப பெரிய வீடு வாங்கிட்டாங்க. ஒன்ன அனுப்பிட்டா.

என்னா கேட்ட? மத்ததெல்லாம் அமெரிக்கா பிளக்கு, கருகுனதுல மட்டும் ஏன் நம்ம ஊரு மூணு கால் பிளக்குன்னா?

அலமாக். கண்ணு கூர்மதான் ஒனக்கு.

நான்தான் மாத்துனேன். அன்னைக்கு விடியக்காலையில. புள்ளைக்குப் பல்லு மொளைக்குது, அவ ராத்திரியெல்லாம் தூங்கல. நாமளே தேங்காய அரைச்சு வச்சிருவோம், எழுந்து வந்து பாக்கட்டும்னுதான். இந்தப் பெட்டியெல்லாம் பந்தான்னு நெனச்சேன். காலு மட்டுந்தான வேற, கரண்டு எல்லாம் ஒண்ணுதானன்னு, வயர அறுத்து, அந்தச் செவப்பு டேப்பையும் அறுத்துப் போட்டுட்டு, இங்க செடெனாக் டவுன் கடையில வாங்கின பிளக்க மாட்டினேன். மூணு எண்ணல, பொகைஞ்சிருச்சு. யாருகிட்டயும் சொல்லாம அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்.

அவளுக்குத் தெரியுமாவா? தெரியும். நான் கத்தி முடிச்சப்புறம் அந்தப் பிளக்கக் கையில எடுத்துப் பாத்தா. என்னையப் பாத்தா. கீழ வச்சிட்டுப் போயிட்டா. புருசன்கிட்டகூடச் சொல்லல. அதான் தம்பி எனக்குக் கோவம். நீங்கதான் மாமான்னு அங்கயே சொல்லியிருந்தா, நானும் ரெண்டு கத்து கத்தியிருப்பேன், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். சொல்லாமப் போயிட்டா. மூணு வருசமா நான்ல சொமக்குறேன்.

எல்லாம் ஏத்திட்டியா? அப்ப கதவச் சாத்து. இல்ல, பெட்டி வராது. லிஸ்ட்ல இருந்தா இருக்கட்டும். அது இல்லாம அந்தச் சாமான்ல ஒண்ணும் ஓடாது, அவளுக்குத் தெரியும். கெழவன் குடுக்க மாட்டேங்குறான்னு சொல்லு. அவளே வந்து எடுத்துக்கட்டும்.

புதுசு வாங்கிக்குவாங்களா?

வாங்கலாம். கடையில கெடைக்கும். நான் அத யோசிக்கல.

வாங்க வேணாம்னு சொல்லு தம்பி. மாமா ஒண்ணு சொல்லணுமாம், அதனால வாங்க வேணாம்னு சொல்லு.