நூத்தி நாப்பது டிகிரி

தலைக்கு மேல ஓடுற உங்க ஸ்டேஷன் ஃபேன்ல பேரிங் தேய்ஞ்சிருக்கு சார். இன்னும் ஒரு மாசம் தாங்கும், பயப்படாதீங்க. இருபத்தாறு வருஷம் மெஷின் ரிப்பேர் வேலை, சத்தம் கேட்டாலே காது தானா அந்தப் பக்கம் போயிடுது.

எங்க ஃபேக்டரியில பெயிண்ட் அடிச்ச தகடுகளைக் காய வைக்கிற அடுப்பறை இருக்கு. அதுக்குள்ள சூடான காத்தைத் தள்ள ஒரு பெரிய ஃபேன். அந்தச் சூடு ஃபேனைச் சுத்துற தண்டு, அதான் ஷாஃப்ட், அது வழியா ஏறி, வெளியில இருக்கிற பேரிங்கே நூத்தி நாப்பது டிகிரிக்குப் போகும். சாதாரண பேரிங் அதுக்குச் செஞ்சதில்ல. கிரீஸ் கருகும். உருளைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்துற பிளாஸ்டிக் கூடு காய்ஞ்ச குச்சியா ஒடியும். இரும்பே கொஞ்சம் பருக்கும், கடினம் குறையும். பித்தளைக் கூடு வச்ச, சூட்டுக்குன்னே பதப்படுத்தின பேரிங் வேணும்னு நான் பதினாலு தடவை எழுதிக் கொடுத்தேன். பதினாலு தடவை சார். சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதுவாவது எதிரொலிச்சிருக்கும்.

மேனேஜர் சிரிப்பார். "ஸ்க்ரூட்ரைவரைப் பேரிங் மேல வச்சு, பிடியில காதைக் கொடுத்துச் சத்தத்தைக் கேளுங்க, போதும். சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க"ம்பார். சூடு நூத்தி இருபத்தஞ்சைத் தாண்டினா ஃபேனைத் தானா நிறுத்துற சென்சார் ஒண்ணு இருந்துச்சு. அது நிறுத்துறப்பெல்லாம் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எனக்குத்தான் மண்டகப்படி. எரிச்சலா வரும். வீட்டுக்குப் போனாலும் சோறு இறங்காது.

கடைசியா அந்தச் சென்சாரைக் கழட்டி, கீழே ஃபேனைத் தாங்குற இரும்புக் கால்ல கட்டினேன். அங்க அறுபதுதான் காட்டும். ஃபேன் நிக்கவே இல்ல. மேனேஜர் என் தோள்ல தட்டி, "பார்த்தீங்களா, எல்லாம் உங்க மனப்பிரமை" அப்படின்னார். ஒரு தடவை நொறுங்கினாத்தான் இவங்களுக்குப் புரியும்னு முடிவு பண்ணினேன். மூணு வாரம்னு கணக்குப் போட்டேன்.

அந்த ஃபேனை ஓட்டுறது என் தங்கச்சி புருஷன். தினமும் காலையில பத்து மணிக்கு, மேனேஜர் சொன்ன மாதிரியே, ஸ்க்ரூட்ரைவரை வச்சுக் குனிஞ்சு காதைக் கொடுப்பான். எனக்குத் தெரியும். நல்ல பையன், ஒரு நாள் தவறமாட்டான்.

பத்தொன்பதாவது நாள் ஒன்பதே முக்காலுக்கே எனக்குக் கேட்டுடுச்சு. கூடு போயிடுச்சு, உருளைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டுது. பத்தடி தள்ளி நின்னேன். நிறுத்துற பட்டன் என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு.

அவன் வந்தான். "மச்சான், இன்னைக்கு என்னமோ கத்துதே. பக்கத்துல போகலாமா?"

அவனை வேண்டாம்னு தடுத்தா, ஏன்னு கேப்பான். கேட்டா சென்சார் விஷயம் வெளிய வரும். ஃபேனை நிறுத்துவாங்க, அதே சாதாரண பேரிங்கைத் திரும்பப் போடுவாங்க, எல்லாம் முதல்லேர்ந்து.

"போய்க் கேளு மாப்பிள்ளை"ன்னேன்.

அவன் குனிஞ்ச கொஞ்ச நேரத்துல பேரிங் இறுகி, ஷாஃப்ட் முறிஞ்சு, மேல் மூடி பிச்சுக்கிட்டு வந்து அவன் தலையில அடிச்சுது. இருந்த இடத்துலயே முடிஞ்சுது. வலி தெரிஞ்சிருக்காது, அதை மட்டும் உறுதியாச் சொல்வேன்.

ஆமா சார், தெரிஞ்சேதான் அனுப்பினேன். எழுதிக்கோங்க. இப்ப பித்தளைக் கூடு வச்ச பேரிங் வந்து மாட்டியாச்சுன்னு கேள்விப்பட்டேன். இனி அந்த ஃபேன் பக்கத்துல யாரும் பயமில்லாம நிக்கலாம்.

தங்கச்சிதான் என் முகத்தைப் பார்க்கமாட்டேங்கிறா. மேனேஜர் முதல் தடவையே நான் சொன்னதைக் கேட்டிருந்தா அவ புருஷன் இருந்திருப்பான்னு நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க சார். நான் சொன்னா அவளும் நம்பமாட்டேங்கிறா.