பிழை எண் இருபத்தெட்டு

நான் பொதுவாகக் கோபப்படாத மனிதன். கொடிகாமத்தில் பதினான்கு வருடமாகக் கணினி வகுப்பு நடத்துகிறேன். ஒரு பிள்ளையையும் ஏசியதில்லை. விசாரணைக்கு எழுதித் தரச் சொன்னீர்கள் என்பதால், நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

மீனவர் சங்கத்தின் பெயர் உங்களிடம் இருக்கிறது. வடகரையில் நாற்பது படகுகள் உள்ள சிறிய துறை. கடலுக்குப் போகிறவர்கள் படகின் இலக்கத்தையும் தங்கள் பெயரையும் சங்கக் கந்தோரில் பதிந்துவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் வந்ததாகக் குறிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு, இன்னும் வராதவர்களின் பட்டியலை எடுப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் கடற்படைக்கு அறிவித்துவிட்டு, துறையிலிருந்தும் படகுகளைத் தேட அனுப்புவார்கள். ஒருமுறை யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பகல் முழுவதும் கடலைச் சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார்கள். ஆள் மாமியார் வீட்டில் நித்திரை. அன்றிலிருந்து, பட்டியலில் இல்லாதவரைத் தேடுவதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டது. அந்தப் பட்டியலைத் தரும் கணினி நிரலை எழுதியவன் நான். யாரோ வெளிநாட்டிலிருந்து அன்பளித்த பழைய கணினி அது, பாரமான எதையும் தாங்காது. அதனால் சி என்ற நிரல் மொழியில் எழுதினேன்.

நன்றாகவே எழுதினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பைத் திறக்கும்போதும், எழுதும்போதும், மூடும்போதும் காரியம் நடந்ததா என்று கேட்டு, நடக்காவிட்டால் பிழையின் எண்ணையும் காரணத்தையும் தமிழில் திரையில் காட்ட வைத்தேன். இரண்டு என்றால் அப்படியொரு கோப்பு இல்லை. பதின்மூன்று என்றால் அனுமதி இல்லை. இருபத்தெட்டு என்றால் கணினியின் சேமிப்பு வட்டில் இடமில்லை. வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

கந்தப்பு அண்ணைக்கு விளங்கவில்லை. கந்தோரில் பதிவு செய்பவர் அவர்தான். அறுபது வயது, நேர்மையான மனிதர், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் ஒரு செய்தி வந்தால் அதை வாசிக்க மாட்டார். எனக்குக் கோல் எடுப்பார்.

“தம்பி, பதின்மூண்டு வந்து நிக்குது. ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்.”

“பக்கத்திலை காரணம் எழுதியிருக்கெல்லே அண்ணை. அதை வாசியுங்கோ.”

“ஓம், எழுதியிருக்கு. எண்டாலும் நீங்கள் வந்து பாத்தால்தான் எனக்கு நிம்மதி.”

வகுப்பை நிறுத்திவிட்டு, மண்டை பிளக்கும் வெயிலில் மோட்டார் சைக்கிளில் போவேன். போனால், அவரே அந்தக் கோப்பை வேறொரு நிரலில் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். இன்னொரு நாள் எண் இரண்டு. பதிவுகள் நல்லபடியாக இருக்கட்டும் என்று கோப்புறைக்குப் பிள்ளையாரின் பெயரை வைத்திருந்தார். பிள்ளையாரே வந்தாலும் என் நிரலால் அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? இருபத்தெட்டு வந்தால் காரணம் இன்னும் மோசம். துறையில் யாருடைய கலியாணம், யாருடைய சாமத்தியவீடு என்றாலும், வீடியோ பத்திரமாக இருக்க வேண்டும் என்று சங்கக் கணினியில் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள். நான் அழிப்பேன். அவர்கள் திரும்ப ஏற்றுவார்கள். ஏற்ற வேண்டாம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதையும் யாரும் வாசிக்கவில்லை. இரண்டு வருடம் இப்படி என்னை வதைத்தார்கள்.

அம்மா செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்குக் கீரிமலையில் நிற்கிறேன். ஈர வேட்டி, விரலில் தர்ப்பை. ஐயர் அம்மாவின் பெயரைச் சொல்லச் சொன்ன நேரம் தம்பியின் கையிலிருந்த என் தொலைபேசி அடிக்கிறது. விடாமல் ஐந்து தரம். வீட்டில் யாருக்கோ ஏதோ என்று பயந்து எடுத்தேன்.

“தம்பி, இருபத்தெட்டு,” என்றார் கந்தப்பு அண்ணை.

அந்த வாரமே போய் நிரலைத் திருத்தினேன். பெரிய வேலை இல்லை. எழுதச் சொல்லும் கட்டளை உடனே ஓம் என்றுதான் சொல்லும். எழுத்துகள் அப்போது கணினியின் நினைவில்தான் நிற்கும். கோப்பை மூடும்போதுதான் அவை வட்டில் இறங்கும். இடமில்லையென்றால் அப்போதுதான் தெரியவரும். மூடும் கட்டளை என்ன சொல்கிறது என்று கேட்பதை நிறுத்தினேன். மற்ற இடங்களிலும் அப்படியே. எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரையில் ஒரே சொல் வரும்: பதியப்பட்டது.

அழைப்புகள் நின்றன. பொதுக்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “மாஸ்டரின்ரை மிசின் இப்ப திறம், ஒரு கரைச்சலும் இல்லை,” என்று தலைவர் கனகலிங்கம் ஒலிவாங்கியில் சொன்னார். பக்கத்துத் துறைகள் இரண்டு அதே நிரலைக் கேட்டன. கொடுத்தேன். யாருக்கும் தொல்லை இல்லாத ஒரு பொருளை நான் செய்திருந்தேன். அப்படித்தான் அப்போது எனக்குப் பட்டது.

மார்கழியில் அச்சுப்பொறி பார்க்கப் போனபோது வட்டைக் கவனித்தேன். மிச்ச இடம் இன்னும் ஒரு கலியாண வீடியோவுக்குக் காணாது. சொல்லியிருக்கலாம். நானே நாலு வீடியோவை அழித்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நிரம்பட்டும், அப்போதாவது உறைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். செய்தியே வராத இடத்தில் எப்படி உறைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் எட்டுப் படகுகள் பதிந்துவிட்டுப் போயின. ஒன்பதாவதாக அடைக்கலநாதனும் அவருடைய மருமகன் றஞ்சித்தும் போனார்கள். கந்தப்பு அண்ணை இருவரின் பெயரையும் தட்டினார். பதியப்பட்டது என்று திரை சொன்னது. மறுநாள் விடிய எட்டுப் படகுகளும் வந்தன, வந்ததாகக் குறித்தார்கள். அதற்குப் புதிய இடம் தேவையில்லை, இருக்கிற எழுத்தை மாற்றினால் போதும். பத்து மணிக்குப் பட்டியல் எடுத்தபோது கடலில் ஒருவரும் இல்லை என்று வந்தது. அடைக்கலநாதனின் படகு கரையில் இல்லாததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இயந்திரம் பழுதென்றால் படகை மைத்துனரின் துறையில் கொண்டுபோய் விடுவது அவருடைய வழக்கம்.

அவருடைய மனைவி றோஸ் அக்கா கந்தோருக்கு வந்து, இருவரும் வரவில்லை என்று சொன்னார். கந்தப்பு அண்ணை தன் கையால் பதிந்ததாகச் சத்தியம் செய்தார். தலைவர் எனக்குக் கோல் எடுத்தார்.

“மாஸ்டர், மிசின் பிழை விட்டிருக்குமோ?”

அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. எண்ணோடு தெரிந்தது. தேடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் ஏன் திரையில் பிழை காட்டவில்லை என்பதாக இருந்திருக்கும்.

“மிசின் பிழை விடாது. கந்தப்பு அண்ணை மறந்திருப்பார்,” என்றேன்.

மத்தியானம் நேரில் போனேன். யாரும் கவனிக்காமல் இரண்டு வீடியோக்களை அழித்தேன். பிறகு எல்லாரும் பார்க்க என் பெயரையே பதிந்து காட்டினேன். பட்டியலில் என் பெயர் வந்தது. தலைவருக்குத் திருப்தி. கந்தப்பு அண்ணை அதைப் பார்த்துவிட்டு, நான்தான் மறந்துவிட்டேனாக்கும் என்று சொல்லித் தலை குனிந்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

றோஸ் அக்கா மட்டும் போகவில்லை.

“தம்பி, உந்தப் பெட்டிக்குள்ளை வடிவாப் பாருங்கோ. என்ரை மனுசன்ரை பேர் கட்டாயம் இருக்கும்.”

நான் திரையை மேலும் கீழும் நகர்த்தி, பொறுமையாக, இரண்டு தடவை தேடிக் காட்டினேன். “இல்லை அக்கா,” என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை வேறொரு துறைக்காரர் கவிழ்ந்த படகைக் கண்டார்கள். றஞ்சித்துக்கு மட்டும் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சொன்னதை நீங்களும் பதிந்திருப்பீர்கள். “வியாழன் பின்னேரம் வரைக்கும் மாமா கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர். சங்கத்திலை பதிஞ்சிட்டுத்தானே வந்தனாங்கள், தேடி வருவாங்கள் எண்டு எனக்குத் தைரியம் சொன்னவர்.”

நீங்கள் நிரலை ஆராயக் கூட்டிவந்த ஆரணி என் மாணவி. கோப்பை மூடும் கட்டளை என்ன சொன்னது என்று ஏன் சேர் கேட்கவில்லை என்று, உங்கள் முன்னாலேயே கேட்டாள். கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கற்பித்தவன் நான்தான். நல்ல பிள்ளை. கடைசியில் கண்ணீரோடு இன்னொன்றும் கேட்டாள்: பக்கத்துத் துறைகள் இரண்டிலும் இதே நிரல்தான் ஓடுகிறது, அதையாவது இன்றைக்கே திருத்தலாமே என்று.

திருத்தலாம். அரை மணி நேர வேலை. இன்று காலையும் அங்கே பட்டியல் எடுத்திருப்பார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை பொறுத்திருக்கிறேன். இப்போது அதில் கைவைத்தால், பிழை என்னுடையது என்று நானே சொன்னதாகிவிடும்.