ரோஸ்விதா பக்கத்துல நிக்கிறப்ப

...கழண்டுடுச்சு தம்பி! பந்தயத்துல கடைசிக் கொடிக்கு முன்னாடி, படக்குன்னு! பனிச்சறுக்குப் பலகை அங்க, நான் இங்க, ஊரே சிரிக்குது. லேசா ஒரு திருப்பு திருப்பினேன், அவ்வளவுதான்!

கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்... மலை உச்சிக்கு ஏத்திட்டுப் போற இந்தத் தொங்கு நாற்காலி ரெண்டு பேருக்குன்னு எவன் சொன்னான்?

எல்லாம் கடைக்காரன் கோர்பினியான் பண்ண வேலை. பலகையில பூட்ஸைக் கவ்வுற பிடி இருக்குல்ல, முன்னாடி ஒண்ணு, குதிகால்ல ஒண்ணு, அவன்தான் முடுக்கினான். கேட்டா வியாக்கியானம் பண்றான்! கால் முறுக்குனா முன்பிடி பக்கவாட்டுல திறக்குமாம், குப்புற விழுந்தா பின்பிடி குதிகாலை விட்டுருமாம், இல்லன்னா முட்டி போயிருமாம். தெரியும்டா! நானும் இந்தத் திரோல் மலையில பொறந்தவதானே? விழுந்தா கழலட்டும், வேண்டாங்கல. தும்முனா கழலலாமா?

நல்லவேளை, ரெண்டு ஓட்டத்துல எது நல்லதோ அதுதான் கணக்கு. இப்ப ரெண்டாவது. இதுல ஜெயிச்சே ஆகணும்! பரிசு என்ன தெரியுமா? புகை போட்ட பன்னித்தொடை, முழுசு! போன வருஷம் ரோஸ்விதா, அதான் என் நாத்தனார், அதைத் தட்டிட்டுப் போயி வாசல்லயே தொங்கவிட்டா. ஈஸ்டர் வரைக்கும்! ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கோர்பினியானா? எடை கேட்டான். எடைக்குத் தக்கனதான் முடுக்கணுமாம். கூடன்னா இறுக்கமா, கம்மின்னா லேசா... அறுபது கிலோன்னேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? ரோஸ்விதா எனக்குப் பின்னாடியே நின்னா தம்பி! வேற என்னத்தச் சொல்றது? சரி, அறுபதுக்குக் கொஞ்சம் மேல. கொஞ்சம்னா... நாற்காலி முனகுதே, கேக்கலையா?

அட, சட்டையில சிலுவை! மீட்பு ஆளா நீங்க? திருப்புளி வெச்சிருப்பீங்களே? இருக்கா! ஐயோ தெய்வமே, நான் ஜெயிச்சேன்! பாதித் தொடை உங்களுக்குத்தான்!

இறங்குங்க, இறங்குங்க... அப்பாடா. அந்தத் திருகுதான், குனிஞ்சு பாருங்க. உண்மையான எடையா? இப்படிக் காதைக் கொடுங்க...

அடி, ரோஸ்விதா! நீ எப்ப மேல வந்த? ஒண்ணுமில்லடி, இவர் சும்மா சரிபாக்கறாரு...

என்ன தம்பி திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? அறுபது! கேட்டுச்சா? அறுபதேதான்! திருப்புளியை உள்ள வைங்க! அந்தத் தொடை இந்த வருஷமும் அவ வாசல்லயே தொங்கட்டும்!