தொட்டியில நின்ன காத்து

கணவன்: தொட்டது யாருன்னு மட்டும் சொல்லிடு.

மனைவி: எதை?

கணவன்: பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸரைத்தான்! போன ஞாயித்துக்கிழமை ஜம்முனு ஓடிச்சு. இன்னிக்கு சுவத்துல சுவிட்சைப் போட்டா 'ம்ம்ம்'னு முனகுது, டப்புனு கரண்ட் கட்டாகுது. மூணு தடவை பார்த்துட்டேன்.

மனைவி: மிஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும்...

கணவன்: அதெப்படி பண்ணும்? அலமாரிக்கு ஆர்டர் கொடுத்த டீச்சர் அதைப் பார்க்க இப்போ வந்துருவாங்க. ஒரு கதவுதான் முடிஞ்சிருக்கு, இன்னொண்ணு இன்னும் வெறும் மரமா நிக்குது. பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்னு வித்தான் அந்தக் கடைக்காரன். வாயில நல்லா வருது...

மனைவி: மெதுவா வரட்டும். பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்க.

கணவன்: கிண்டலா? இந்த மீட்டர் முள்ளைப் பாரு. தொட்டியில பாதிக்கு மேல காத்து நிக்குது. நான் எப்பவும் முழுசா திறந்து விட்டுட்டுத்தானே பூட்டுவேன்?

மனைவி: ஒருவேளை மறந்திருப்பீங்க.

கணவன்: உன் தம்பிதான். சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்திருப்பான். ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா தொரைக்கு என்ன கொறைஞ்சிடும்?

மனைவி: அவன் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசமாச்சு! எது நடந்தாலும் அவன் தலையில கட்டிடுங்க.

கணவன்: அப்ப காத்து தானா வந்து உக்காந்துக்கிச்சா? சரி, மோட்டாரைக் கிளப்பி விடற கண்டென்சர்தான் போயிருக்கும். ஸ்பேனரை எடு, கழட்டிப் பார்த்துடறேன்.

மனைவி: ஒண்ணையும் கழட்ட வேணாம்.

கணவன்: பின்ன?

மனைவி: மிஷின் மேலயே சிவப்புக் குமிழ் இருக்குல்ல... அதை அமுக்குங்க.

கணவன்: இன்னிக்கு அதை நான் தொடவே இல்லியே... இதோ, அமுக்கியாச்சு.

மனைவி: 'புஸ்'னு கேட்டுச்சா?

கணவன்: கேட்டுச்சு.

மனைவி: பிஸ்டனை அழுத்திட்டு இருந்த காத்து போயிடுச்சு. இப்ப குமிழைத் தூக்கி விடுங்க.

கணவன்: அட... ஓடுதே! ஏய், உனக்கெப்படி...

மனைவி: சுவத்து சுவிட்சை மட்டும் அணைச்சா அந்தக் காத்து வெளிய போகாது. மறுபடி போட்டா மோட்டார் திணறும்.

கணவன்: நான் என்னிக்குமே குமிழைத்தானே அமுக்குவேன்! சுவத்துல அணைச்சது யாரு?

மனைவி: நான்தான்! நேத்து சாயங்காலம் உங்க வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பதறிப்போய் அணைச்சிட்டு ஓடி வந்தேன்.

கணவன்: நீயா? கை போயிடும், மிஷின் பக்கம் வராதேன்னு எத்தனை தடவை...

மனைவி: வராம? நீங்க பெயிண்ட் அடிச்சா மெழுகுவத்தி மாதிரி வழியுது. நீங்க ஆபீஸ் போனதும் உக்காந்து அதையெல்லாம் தேய்ச்சு, மறுபடி அடிச்சு வெச்சது யாரு? டீச்சர் வாங்கிட்டுப் போன புத்தக ஷெல்ஃபும் அப்படித்தான்.

கணவன்: அது... காய்ஞ்சா தானா சமமாயிடும்னு நெனச்சேன்.

மனைவி: தானா சமமாகுமா! டீச்சர் 'கண்ணாடி மாதிரி இருக்கு சார்'னாங்க. 'கைப்பழக்கம் டீச்சர்'னு நெளிஞ்சுக்கிட்டு நின்னீங்களே! நான் தண்ணி சொம்போட கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எப்படி எரிஞ்சுது தெரியுமா?

கணவன்: எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்ல...

மனைவி: மூணு மாசமா தெரியலையாம். நல்லா இருக்கு கதை!

டீச்சர்: சார்... உள்ளே வரலாமா? வாசல் வரைக்கும் சத்தம் கேட்குது.

மனைவி: வாங்க டீச்சர். மிஷின் சத்தம்தான்.

டீச்சர்: அடிச்சு முடிச்ச கதவு இதுதானா? அடேயப்பா, என் மூஞ்சியே தெரியுது! எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு இதே மாதிரி பன்னெண்டு அலமாரிக்கு பெயிண்ட் அடிக்கணும். நீங்களே உங்க கையால அடிச்சுக் கொடுத்துடுங்க சார்.

கணவன்: என் கையால வேணாம் டீச்சர், வழியும். ஷெல்ஃபு, இந்தக் கதவு எல்லாமே இவங்க அடிச்சதுதான். முதல் வாரமே எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிச்சிட்டேன்... அன்னிக்கு நீங்க பாராட்டினப்போ அதைச் சொல்ல வாய் வரல. எத்தனை நாள்ல முடியும்னு இவங்ககிட்டயே கேளுங்க.